கதவுக்கும் பெஞ்சுக்கும் நடுவே

வாக்கர் பிடித்து நடப்பவருக்கு இரண்டு கைகளும் வாக்கரில்தான் இருக்கும். முதியோர் இல்லத்தில் ஒரு பாட்டி அறையை விட்டு வந்து, தாழ்வாரத்தைக் கடந்து, தோட்டத்துக்குப் போகும் கதவின் முன்னால் நிற்கிறார் என்று வையுங்கள். கதவு கனம். தீப்பிடித்தால் தானாக மூடிக்கொள்ள வேண்டும் என்பதற்காக மேலே ஒரு ஸ்பிரிங் பொருத்தியிருக்கிறார்கள். ஒரு கையால் கதவைத் தள்ள வேண்டும், மறு கையால் வாக்கரை நகர்த்த வேண்டும், கதவு திரும்பி வந்து முதுகில் இடிப்பதற்குள் அரை அங்குலம் தூக்கியிருக்கும் வாசற்படியைத் தாண்ட வேண்டும். இதெல்லாம் நடந்தால் வெளியே ரோஜாப் பாத்தி இருக்கிறது. நடக்காவிட்டாலும் இருக்கிறது. இல்லத்தின் விளம்பரக் கையேட்டின் அட்டையில் அதன் படம்தான்.

பொதுத் தோட்டங்களையும் முதியோர் குடியிருப்பையும் சேர்த்து வைத்து முதுகலை ஆய்வு செய்கிறேன் என்று யாராவது சொன்னால், "பூவைப் பார்த்தால் மனசு லேசாகும், இதற்கு எதற்கு இரண்டு வருஷம்?" என்று கேட்பவர்கள் உண்டு. பூவைப் பார்த்தால் மனசு லேசாகும் என்பது சரி. அந்தப் பூ வரைக்கும் போய்ச் சேர முடிகிறதா என்பதில்தான் ஆய்வே தொடங்குகிறது. அமெரிக்காவின் டெக்ஸஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலைப் பேராசிரியராக இருந்த சூசன் ரோடியெக் இந்தக் கேள்வியின் பின்னால் பல ஆண்டுகள் அலைந்தவர். ஹூஸ்டன், சிகாகோ, சியாட்டில் என்று மூன்று வெவ்வேறு தட்பவெப்பம் உள்ள ஊர்களைச் சுற்றி 68 முதியோர் இல்லங்களை அவருடைய குழு பார்த்தது. வெளியே போகவிடாமல் தடுப்பவை பெரும்பாலும் சின்னச் சமாச்சாரங்கள்: கதவின் கனம், வாசற்படியின் உயரம், நிழலில்லாத இருக்கை, பார்க்க எதுவுமில்லாத முற்றம். தோட்டத்துக்குச் செலவழித்த பணத்தைக் கதவு ஒன்று வீணாக்கிவிடும் என்பதை இதைவிடப் பச்சையாகச் சொல்ல முடியாது.

இந்த ஆய்வுத் துறைக்குத் தாய்வீடு என்று ஓர் இடத்தைச் சொல்ல வேண்டுமென்றால் பென்சில்வேனியா மாநிலத்தின் கென்னட் ஸ்குவேர் பக்கம் போக வேண்டும். லாங்வுட் தோட்டம் அங்கேதான் இருக்கிறது. குவேக்கர் சமயப் பிரிவைச் சேர்ந்த பியர்ஸ் குடும்பத்துச் சகோதரர்கள் இருவர் 1798இல் அங்கே மரங்களை நட ஆரம்பித்தார்கள். நூறு ஆண்டு கழித்து அந்தக் குடும்பத்துக்கு அக்கறை விட்டுப்போனது. மரங்களை வெட்டி விற்க ஒப்பந்தம்கூட ஆகிவிட்டது. அதைத் தடுப்பதற்கென்றே 1906இல் அந்தப் பண்ணையை வாங்கியவர் பியர் டு பான்ட், வெடிமருந்தில் பணம் பார்த்த குடும்பத்துப் பிள்ளை. மரத்தைக் காப்பாற்ற வாங்கியது, கண்ணாடிக் கூடங்களும் நீரூற்றுகளுமாக இன்று ஆயிரம் ஏக்கருக்கு மேல் பரந்த பொதுத் தோட்டமாக நிற்கிறது.

1967இல் டெலவேர் பல்கலைக்கழகமும் லாங்வுட்டும் சேர்ந்து ஒரு முதுகலைப் படிப்பைத் தொடங்கின. செடி வளர்க்கக் கற்றுத்தருவது அதன் நோக்கமில்லை. பொதுத் தோட்டங்களை நடத்தப்போகும் ஆட்களை உருவாக்குவதுதான் நோக்கம். படிப்பவர் ஒவ்வொருவரும் ஓர் ஆய்வேடு எழுத வேண்டும். அமெரிக்கத் தோட்ட உலகத்தில் இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் பலர் அந்த வழியாக வந்தவர்கள். ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் அந்த வடிவில் நடந்து, பின்னர் பட்டமில்லாத தலைமைப் பயிற்சியாக அது மாறியது.

இந்தப் படிப்பு தொடங்கி ஆறே ஆண்டில், லாங்வுட்டுக்குப் பக்கத்தில் இன்னொன்று முளைத்தது. 1973இல் குவேக்கர்கள் கட்டிய கெண்டல் என்ற முதியோர் குடியிருப்பு அது. பக்கத்திலேயே கிராஸ்லேண்ட்ஸ் என்ற இன்னொன்று 1977இல் வந்தது. இரண்டும் மரங்களுக்கு நடுவே தாழ்வான வீடுகளாகக் கட்டப்பட்டவை. மரங்களை எண்ணிப் பெயரெழுதி, அந்த வளாகத்தையே ஒரு மரத் தோட்டமாகப் பராமரிக்கிறார்கள். தனியாக வாழ முடிகிறவரை தனி வீடு, பிறகு கொஞ்சம் உதவியோடு ஓர் அறை, கடைசியில் செவிலியர் கவனிப்பு என மூன்றும் ஒரே வளாகத்தில். உள்ளே போகும்போது ஒரு பெரிய தொகை, அப்புறம் மாதாமாதம் கட்டணம். அமெரிக்காவில் இந்த முறைக்கு நீண்ட வரலாறு உண்டு.

கெண்டலைப் பற்றிச் சொல்லும்போது தோட்டத்துக்குச் சம்பந்தமில்லாதது போலத் தோன்றும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தக் காலத்து அமெரிக்க முதியோர் இல்லங்களில், விழுந்துவிடுவார்கள் என்ற பயத்தில் வயதானவர்களை நாற்காலியிலும் கட்டிலிலும் பெல்ட் போட்டுக் கட்டிவைப்பது சாதாரண நடைமுறை. கெண்டல் தொடங்கிய நாளிலிருந்தே அதைச் செய்யவில்லை. 1986இல் "முதியவர்களை அவிழ்த்துவிடுங்கள்" என்று ஒரு பிரசாரத்தையே ஆரம்பித்தார்கள். 1987இல் வந்த கூட்டாட்சிச் சட்டம் கட்டிவைப்பதைக் கட்டுப்படுத்தியது. 1989இல் அமெரிக்க செனட்டின் முதுமைக் குழு இதைப் பற்றித் தனியாக ஒரு கருத்தரங்கே நடத்தியது. இதைத் தோட்ட ஆய்வில் எங்கே வைப்பது என்று கேட்கலாம். முதல் அத்தியாயத்தில் வைக்க வேண்டும் என்பேன். நாற்காலியோடு கட்டப்பட்டவருக்கு ஆயிரம் ஏக்கர் தோட்டமும் சுவரில் மாட்டிய காலண்டர் படமும் ஒன்றுதான். விழட்டும் பரவாயில்லை என்று யாரும் சொல்லவில்லை. விழுவார் என்ற பயத்துக்கும் நடப்பார் என்ற நம்பிக்கைக்கும் நடுவில் எங்கே கோடு போடுவது என்பதை அந்த இல்லம் முடிவு செய்துவிட்டது. அதற்குப் பிறகுதான் பாதையின் சரிவைப் பற்றியும் பெஞ்சைப் பற்றியும் பேச இடம் கிடைக்கிறது.

சரி, தோட்டத்தை நடத்துபவருக்கு வயதானவர்கள் மேல் ஏன் இவ்வளவு கரிசனம்? கொஞ்சம் கணக்கும் இருக்கிறது. அமெரிக்கப் பொதுத் தோட்டங்களில் களை பிடுங்குவதிலிருந்து பார்வையாளர்களுக்கு வழிகாட்டுவது வரை தன்னார்வலர்கள் செய்யும் வேலை அதிகம். அவர்களில் பெரும்பகுதி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். வாரநாளின் மத்தியானத்தில் டிக்கெட் வாங்கி வருபவர்களும் அவர்கள்தான். உயில் எழுதும்போது தோட்டத்தை நினைத்துக்கொள்பவர்களும் அவர்கள்தான். குடியிருப்பு நடத்துபவருக்கோ, பக்கத்தில் பெயர்பெற்ற தோட்டம் இருந்தால் வீடு விற்பது சுலபம். இரண்டு தரப்புக்கும் லாபம் இருக்கும் இடத்தில் ஆய்வாளர் கொஞ்சம் சந்தேகக் கண்ணோடுதான் நிற்க வேண்டும். பொதுமக்களின் தோட்டம், நுழைவுத் தொகை கட்ட வசதியுள்ள சில நூறு பேரின் கொல்லைப்புறமாக மாறுகிறதா என்று யாராவது கேட்க வேண்டுமே.

லண்டனில் இதுவே தலைகீழாக நடக்கிறது, வேடிக்கை. இரண்டாம் சார்லஸ் 1682இல் வயதான, ஊனமுற்ற சிப்பாய்களுக்காக நிறுவிய செல்சி ராயல் ஹாஸ்பிட்டலில் இன்றும் முன்னாள் வீரர்கள் குடியிருக்கிறார்கள். 1913 முதல் அந்த வளாகத்தின் புல்வெளியில்தான் புகழ்பெற்ற செல்சி மலர்க் கண்காட்சி நடக்கிறது. முதியோர் இல்லத்தின் தோட்டத்துக்கு ஊரே டிக்கெட் வாங்கிக்கொண்டு வருகிறது. சிவப்புக் கோட்டு போட்ட தாத்தாக்கள் அந்தக் கூட்டத்தில் விருந்தினர்கள் இல்லை; வீட்டுக்காரர்கள்.

இந்தத் துறையில் ஆய்வேடு எழுதும் எல்லோரும் மேற்கோள் காட்டும் ஆய்வு ஒன்று உண்டு. ரோஜர் உல்ரிச் 1984இல் வெளியிட்டது. பென்சில்வேனியாவின் ஒரு புறநகர் மருத்துவமனையில், பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களின் 1972 முதல் 1981 வரையிலான பதிவேடுகளைப் புரட்டினார். சில அறைகளின் ஜன்னலுக்கு வெளியே மரங்கள். மற்ற அறைகளின் ஜன்னலுக்கு வெளியே செங்கல் சுவர். வயது, பால், புகைப்பழக்கம் என்று பார்த்து ஜோடி சேர்த்து 23 ஜோடிகள், ஆக 46 பேர். மரம் பார்த்தவர்கள் அறுவைக்குப் பிறகு சராசரியாக 7.96 நாளில் வீடு திரும்பினார்கள். சுவர் பார்த்தவர்கள் 8.70 நாளில். மரம் பார்த்தவர்கள் கடுமையான வலிமருந்தும் குறைவாகவே கேட்டார்கள். அழகான ஆய்வு. மரத்தில் இலை இருக்கும் மாதங்களின் பதிவுகளை மட்டுமே எடுத்துக்கொண்டார் என்பது எனக்கு மிகவும் பிடித்த விவரம்.

ஆனால் முதியோர் குடியிருப்பைப் பற்றி எழுதுபவர்கள் கவனிக்காமல் தாண்டிப்போவது இன்னொரு விவரத்தை: 69 வயதுக்கு மேற்பட்டவர்களை உல்ரிச் கணக்கிலேயே சேர்க்கவில்லை. 85 வயதுப் பாட்டிக்குத் தோட்டம் நல்லது என்பதற்கு இந்த ஆய்வைச் சான்றாகக் காட்டுவது, பக்கத்து வீட்டுக்காரரின் ஜாதகத்தை வைத்து நமக்குக் கல்யாணப் பொருத்தம் பார்ப்பது போல. வேறிடத்தில்தான் சான்று தேட வேண்டும்.

உளவியலாளர்கள் எலன் லாங்கரும் ஜூடித் ரோடினும் 1976இல் கனெக்டிகட் மாநிலத்தின் ஒரு முதியோர் இல்லத்தில் செய்தது அப்படி ஒன்று. இரண்டு தளங்கள். ஒரு தளத்தில் இருப்பவர்களிடம், "உங்கள் அறை, உங்கள் நேரம், நீங்களே முடிவு செய்யுங்கள்" என்று சொல்லி ஆளுக்கொரு செடி கொடுத்து, பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு என்றார்கள். இன்னொரு தளத்திலும் செடி கொடுத்தார்கள். ஆனால் தண்ணீர் ஊற்றுவது செவிலியர் வேலை. பொறுப்பு கிடைத்தவர்கள் சுறுசுறுப்பானார்கள். பதினெட்டு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தபோது பொறுப்பு பெற்ற 47 பேரில் 7 பேர் இறந்திருந்தார்கள். மற்ற குழுவின் 44 பேரில் 13 பேர். செடிக்குத் தண்ணீர் ஊற்றினால் ஆயுள் கூடும் என்று பத்திரிகைகள் எழுதாமல் இருக்குமா? பிற்பாடு அந்த இறப்புக் கணக்கில் புள்ளியியல் பிழை இருந்ததாக ஆசிரியர்களே திருத்தம் வெளியிட்டார்கள். வித்தியாசம் முதலில் சொன்ன அளவுக்கு உறுதியானது இல்லை. திருத்தத்தைப் படித்தவர்கள் குறைவு. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது இறப்புக் கணக்கு இல்லை. செடி இரண்டு தளத்திலும் இருந்தது. வித்தியாசம், அது யாருடைய செடி என்பதில்.

டோக்கியோ ஆய்வு இதைவிடக் கனமானது. தகானோவும் சகாக்களும் 2002இல் வெளியிட்டார்கள். 1903, 1908, 1913, 1918 ஆகிய ஆண்டுகளில் பிறந்து டோக்கியோவில் வாழ்ந்த 3,144 பேரை ஐந்து ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். அதற்குள் 897 பேர் இறந்திருந்தார்கள். வீட்டுக்குப் பக்கத்தில் உலாவப் போக இடம் இருந்தவர்கள், பூங்காவும் மரம் வைத்த தெருவும் இருந்தவர்கள், இந்தப் பேட்டையிலேயே தொடர்ந்து இருக்க விரும்புகிறேன் என்று சொன்னவர்கள் ஆகியோர் உயிரோடு இருந்த விகிதம் அதிகம். வயது, பால், வருமான நிலையைக் கழித்துப் பார்த்த பிறகும் உலாவும் இடத்தின் பங்கு நின்றது. இங்கேயும் ஒரு சிக்கல் உண்டு: நடக்க முடிகிறவர்தான் உலாவப் போகிறார், பக்கத்தில் இடம் இருக்கிறது என்றும் சொல்கிறார். இருந்தாலும் ஒன்றைக் கவனியுங்கள். கேள்வி "உங்கள் ஊரில் எத்தனை ஏக்கர் பூங்கா?" என்பதில்லை. "நடந்து போகிற தூரத்தில் இருக்கிறதா?" என்பதுதான். தொண்ணூறை நெருங்கும் ஒருவருக்கு அந்தத் தூரம் மிகக் குறைவு.

அந்தத் தூரத்துக்குள் என்னென்ன இருக்கின்றன என்று பார்த்தால் ஆய்வு திடீரென்று கொத்தனார் வேலையாகிவிடும். அமெரிக்காவில் 1990இல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் விதிகளின்படி, இருபது அடிக்கு ஓர் அடிக்கு மேல் ஏறினால் அது பாதை இல்லை, சரிவுதளம். கைப்பிடி முதலான விதிகள் வந்துவிடும். சரிவுதளமும் பன்னிரண்டு அடிக்கு ஓர் அடிக்கு மேல் ஏறக்கூடாது. இளைஞர் கண்ணுக்கு அது சமதரை போலவே தெரியும். சக்கர நாற்காலியைத் தானே தள்ளிக்கொண்டு போகும் எழுபது வயதுக்காரரின் தோளைக் கேட்டால்தான் தெரியும்.

பெஞ்சைப் பற்றி ஒரு முழு அத்தியாயம் எழுதலாம். முதுகு சாய இடமில்லாத, கை வைக்க இடமில்லாத கருங்கல் பலகைகளைக் கட்டடக்கலை இதழ்களில் நிறையப் பார்க்கலாம். படத்துக்கு நன்றாக இருக்கும். முழங்கால் தேய்ந்தவர் அதில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. எழுந்திருக்க முடியாது என்பது தெரிந்திருப்பதால் உட்காரவே மாட்டார். உட்கார இடம் இல்லாத பாதையில் பாதி தூரத்தில் திரும்பிவிடுவார். கைப்பிடி இருந்தால் அதை ஊன்றி எழுந்துகொள்ளலாம். அவ்வளவுதான் விஷயம். கழிப்பறை எங்கே இருக்கிறது என்பதும் இதே போலத்தான். அது பக்கத்தில் இல்லையென்றால் வெளியே போவதையே விட்டுவிடுவார், காரணத்தைக் கேள்வித்தாளில் எழுதவும் மாட்டார்.

கண் இன்னொன்று. வயதாக ஆகக் கண்ணின் லென்ஸ் தடித்து மஞ்சளாகிவிடுகிறது. இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வந்தால் பார்வை பழகுவதற்கு நேரம் பிடிக்கும். மங்கலான தாழ்வாரத்திலிருந்து வெள்ளைச் சிமெண்ட் முற்றத்துக்கு நேராகக் கதவு திறந்தால், முதல் சில நொடிகள் அவருக்குப் படியும் தெரியாது, தரையும் தெரியாது. அதனால்தான் இந்தத் துறையில் விவரம் தெரிந்தவர்கள் கதவுக்கு வெளியே கூரை போட்ட ஓர் இடைவெளி வேண்டும் என்கிறார்கள். வெளியும் இல்லை, உள்ளும் இல்லை என்று ஓர் இடம். உட்கார இரண்டு நாற்காலி. அமெரிக்க முதியோர் இல்லங்களில் திரும்பத் திரும்பப் பார்த்த ஒரு விஷயமும் இதையே சொல்கிறது: பின்பக்கத்தில் பார்த்துப் பார்த்துப் போட்ட தோட்டம் காலியாகக் கிடக்கும், முன்வாசல் கூரைக்கடியில் கூட்டமாக உட்கார்ந்து கார் வருவதையும் போவதையும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இதற்கு நம்மவர்களுக்குத் தனி ஆய்வு தேவையில்லை. திண்ணை என்று ஒரு சொல் வைத்திருக்கிறோம். திண்ணையை இடித்துவிட்டு அந்த இடத்தில் பைக் நிறுத்துகிறோம் என்பது வேறு கதை.

சென்னையில் என் பெரியம்மா வீட்டுத் தெருமுனையில் ஒரு பூங்கா உண்டு. பைக் நுழையாமல் இருக்க வாசலில் வளைந்து வளைந்து கம்பி போட்டிருந்தார்கள். பைக் நுழையவில்லை. பெரியம்மாவின் சக்கர நாற்காலியும் நுழையவில்லை.

மனத்தைத் தொட்டுச் சொல்வதென்றால், இந்த விஷயத்தில் இன்று ஆய்வு மாணவர்கள் அதிகம் கற்றுக்கொள்ளக்கூடிய ஊர் சிங்கப்பூர். அங்கே குடியிருப்பவர்களில் ஐந்தில் நான்கு பேர் அளவுக்கு வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய வீவக அடுக்குமாடிகளில்தான் வாழ்கிறார்கள். 2030இல் குடிமக்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் 65 வயதைத் தாண்டியிருப்பார் என்பது அரசின் கணக்கு. நிலம் இல்லை. லாங்வுட் மாதிரி ஆயிரம் ஏக்கரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு யோசிக்கும் வசதியும் இல்லை. அதனால் தோட்டத்தைத் தூக்கி மேலே வைத்துவிட்டார்கள்.

உட்லண்ட்ஸ் வட்டாரத்தில் அட்மிரல்டி எம்ஆர்டி ரயில் நிலையத்தை ஒட்டி இருக்கிறது கம்போங் அட்மிரல்டி. 0.9 ஹெக்டேர் மனை, அதாவது இரண்டேகால் ஏக்கர் தேறாது. 45 மீட்டருக்கு மேல் கட்டவும் கூடாது. வோஹா என்ற சிங்கப்பூர்க் கட்டடக்கலை நிறுவனம் அதை அடுக்கடுக்காகத் திட்டமிட்டது. அவர்கள் சாண்ட்விச் என்றார்கள், நாம் டிபன் கேரியர் என்று புரிந்துகொள்ளலாம். அடியில் நிழலான பொதுத் திடல். அதற்கு மேல் உணவங்காடி நிலையம். அதற்கும் மேல் மருத்துவ நிலையம். அதன் தலையில், படிப்படியாக ஏறும் ஒரு பூங்கா. பூங்காவை ஒட்டி எழும் பதினொரு மாடிக் கட்டடங்கள் இரண்டில் முதியவர்களுக்கான 104 சிறு வீடுகள். ஒன்று 36 சதுர மீட்டர், இன்னொன்று 45. குழந்தைப் பராமரிப்பு நிலையமும் முதியோர் நிலையமும் பக்கத்துப் பக்கத்தில். 2018இல் உலகக் கட்டடக்கலை விழாவில் அந்த ஆண்டின் தலைசிறந்த கட்டடம் என்ற விருது இதற்குக் கிடைத்தது.

விருதை விடுங்கள். தூரத்தைப் பாருங்கள். வீட்டிலிருந்து மின்தூக்கி, மின்தூக்கியிலிருந்து பூங்கா. சாலையைக் கடக்க வேண்டாம், மழையில் நனைய வேண்டாம். டாக்டரைப் பார்க்க வந்தவரும் காத்திருக்கும் நேரத்தில் பச்சையைப் பார்க்கிறார். பூங்கா வெறும் பூங்காவாக இருந்தால் காலையில் ஒரு தடவை போவார்கள். அதன் கீழேயே சோறும் மருந்தும் பேரப்பிள்ளையின் பள்ளியும் இருப்பதால் நாளைக்கு நாலு தடவை அந்த வழியாக நடக்கிறார்கள். தோட்டத்துக்கென்று யாரும் கிளம்ப வேண்டியதில்லை; போகிற வழியில் அது இருக்கிறது. எனக்குப் பிடித்த சங்கதி இன்னும் சின்னது. வீடுகளின் வாசல்கள் சேரும் இடத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் உட்கார்ந்து பேசுவதற்கென்று சிறு பெஞ்சு போட்டிருக்கிறார்கள். ஆறாவது மாடித் திண்ணை.

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. கம்போங் என்றால் மலாய் மொழியில் கிராமம். சிங்கப்பூர்த் தமிழர் அதைக் கம்பம் என்பார்கள். பழைய ஆட்கள் கம்பத்து வீட்டில் பிறந்தேன் என்று சொல்லக் கேட்கலாம். அறுபதுகளிலிருந்து அந்தக் கம்பங்களை அகற்றித்தான் மக்களை அடுக்குமாடிகளுக்கு மாற்றினார்கள். இப்போது அடுக்குமாடிக்குக் கம்பம் என்று பெயர். 104 வீடுகள் ஒரு நாட்டின் முதுமைக்குப் பதிலாகிவிடாது என்பதும் உண்மை. ஆனால் 2021இல் புக்கிட் பாத்தோக்கில் விற்பனைக்கு அறிவித்த 169 வீடுகள் கொண்ட அடுத்த திட்டத்தில் வீட்டோடு பராமரிப்புச் சேவையையும் சேர்த்தே வாங்க வேண்டும் என்று வைத்தார்கள். முதல் சோதனையிலிருந்து அவர்கள் எதையோ கற்றிருக்கிறார்கள்.

தோட்டத்தின் பக்கத்திலிருந்தும் அங்கே வேலை நடக்கிறது. தேசியப் பூங்காக் கழகம் 2016இல் ஹார்ட்பார்க்கில் முதல் சிகிச்சைத் தோட்டத்தைத் திறந்தது: மணக்கும் செடிகள், தொட்டுப் பார்க்கும் செடிகள், சக்கர நாற்காலி அடியில் நுழையும்படி உயர்த்திய பாத்திகள். பிறகு தீவு முழுவதும் குடியிருப்புகளை ஒட்டிய பூங்காக்களில் இத்தகைய தோட்டங்கள் வந்துகொண்டிருக்கின்றன. 2018இல் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் ஒரு முறையான சோதனையையும் வெளியிட்டார்கள். 59 முதியவர்கள், குலுக்கல் முறையில் 29 பேர் தோட்ட வேலைக்கு, 30 பேர் ஒப்பிடுவதற்காகக் காத்திருப்புப் பட்டியலுக்கு. முதல் மூன்று மாதம் வாரம் ஒரு முறை, அடுத்த மூன்று மாதம் மாதம் ஒரு முறை. தோட்டக் குழுவினரின் ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் ஐஎல்-6 என்ற புரதம் குறைந்தது. மற்றவர்களோடு ஒட்டுறவு கூடியதாகவும் பதிவானது. இவர்கள் அளந்துபார்த்தது இன்னும் பல: நினைவாற்றல், மனச்சோர்வு, பதற்றம், வாழ்க்கைத் திருப்தி. ஆய்வுச் சுருக்கத்தில் முன்னே நிற்பவை ரத்தமும் ஒட்டுறவும்தான். தோட்டம் எல்லாவற்றையும் குணப்படுத்தும் என்று மேடையில் பேசுபவர்கள் இந்த ஆய்வை மெதுவாகப் படிக்க வேண்டும். ரோடியெக்கின் பழைய ஆய்வு ஒன்றும் இதே சாயல்தான்: வெறும் 17 மூதாட்டிகள், தோட்டத்தில் கொஞ்ச நேரம் இருந்த பிறகு உமிழ்நீரில் மன அழுத்த ஹார்மோன் குறைந்திருந்தது. சிறிய எண்ணிக்கை, ஆனால் கண்ணியமான ஆய்வு.

இரண்டு ஆண்டுப் படிப்பில் உட்கார்ந்திருக்கும் மாணவரால் டோக்கியோ மாதிரி ஐந்து ஆண்டு பின்தொடர முடியாது. ரத்தம் எடுக்க அனுமதி வாங்குவதற்குள் ஒரு செமஸ்டர் போய்விடும். மறதி நோய் உள்ளவரின் சம்மதத்தை யாரிடம் வாங்குவது என்ற கேள்விக்கே நெறிமுறைக் குழு பல தடவை கூடும். அவரால் செய்ய முடிந்தது, ஒரு வரைபடத்தோடு ஓர் இடத்தில் நிற்பது. தோட்டத்தின் படத்தை அச்செடுத்துக்கொண்டு கால்மணிக்கு ஒரு தடவை யார் எங்கே இருக்கிறார்கள் என்று புள்ளி வைக்க வேண்டும். உட்கார்ந்திருந்தால் ஒரு குறி, நடந்தால் ஒரு குறி, கூட ஆள் இருந்தால் ஒரு குறி. வெயில், மழை, கிழமை எல்லாம் ஓரத்தில். ஒரு வாரத்தில் படம் பேச ஆரம்பிக்கும்: இந்தப் பெஞ்சில் யாருமே உட்காரவில்லை, இந்த மூலையில் எப்போதும் மூன்று பேர், இந்தக் கதவு வரை வந்து திரும்பிப் போனவர்கள் இத்தனை. தோட்டத்துக்குள் வந்தவர்களை மட்டும் எண்ணிவிட்டு ஆய்வை முடிப்பதுதான் நிறையப் பேர் செய்யும் தப்பு. கதவு வரை வந்து திரும்பியவர் அந்தக் கணக்கில் வரமாட்டார். கட்டிலை விட்டே எழாதவர் எந்தக் கணக்கிலும் வரமாட்டார்.

சிங்கப்பூரிலேயே இன்னும் யாராவது ஆராய வேண்டும் என்று நான் நினைக்கும் தோட்டம் வேறொன்று. வீவக வீடுகளின் தாழ்வாரத்தில் கதவுக்கு வெளியே வரிசையாக நிற்கும் தொட்டிகள். தமிழ் வீடு என்றால் கறிவேப்பிலையும் துளசியும் இருக்கும். சீன வீட்டு வாசலில் எலுமிச்சை போல ஒன்று காய்த்திருக்கும். மலாய் வீட்டில் சமையலுக்கு மணம் தரும் பாண்டான் இலைச்செடி. தீயணைப்பு விதிப்படி நடக்க 1.2 மீட்டர் வழி விட வேண்டும். மிச்ச இடம்தான் தோட்டம். கதவின் கனம் இல்லை, சரிவு இல்லை, தூரமும் இல்லை. தண்ணீர் ஊற்றும் பொறுப்பு வீட்டுக்காரருடையது. சாம்பார் கொதிக்கும்போது பக்கத்து வீட்டுப் பெண் ஒரு கொத்துக் கறிவேப்பிலை கேட்டு வருவாள், கேட்காமலும் கிள்ளுவாள், அதைப் பற்றி இரண்டு நாள் பேச்சும் நடக்கும். நாடா எடுத்துக்கொண்டு அந்த 1.2 மீட்டரை அளக்கப் போகும் மாணவர் தொட்டிகளை எண்ணும்போது பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் நாற்காலியையும் குறித்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் ஒன்று இருக்கும், கைப்பிடியோடு.